பவளவிழா மலருக்குப் பங்கு வரலாறு எழுதுவது: எங்கிருந்து தொடங்குவது, எதை நம்புவது?

கேள்வி: கண்மாய்மேடு

அன்பர்களுக்கு வணக்கம்.

சிவகங்கை மறைமாவட்டத்தில், வானம் பார்த்த பூமியில் அமைந்த சிறிய கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. பங்குத்தலத்தையும் கிளைக்கிராமங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் சில நூறு தலைக்கட்டுக்கு மேல் இராது. எங்கள் ஊர் தனிப்பங்காக உயர்த்தப்பட்டதன் பவளவிழா நெருங்குவதால், விழா மலரில் இடம்பெற வேண்டிய வரலாற்றை எழுதும் பொறுப்பைப் பங்குப் பேரவையினர் ஓய்வுபெற்ற ஆசிரியனான என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

பொன்விழாவின்போது வெளியிட்ட மலரைப் புரட்டிப் பார்த்தேன். பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியல், அவரவர் காலத்தில் எழுந்த கட்டடங்கள், வாழ்த்துரைகள் ஆகியவை தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதைப் படிக்கும் வெளியூர்க்காரர், பங்கு உருவாவதற்கு முன் இங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இருந்ததில்லை என்றே எண்ணிக்கொள்வார். ஆனால் எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரும் இதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோயில் மணியும் பங்கைவிடப் பழையது.

என் ஐயங்கள் பின்வருமாறு. மறைசாட்சியான போர்த்துகீசியக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) ஓரியூருக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் இளைப்பாறினார் என்பது ஊரார் அனைவரும் உறுதியாக நம்பும் செய்தி. இதை எவ்வாறு சரிபார்ப்பது? எங்களிடம் உள்ள பதிவேடுகள் பங்கு தொடங்கிய ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தையவை எங்கே இருக்கக்கூடும்? இலத்தீனில் எழுதப்பட்டிருப்பின் அவற்றைப் படித்துப் பொருள் கொள்ள வழி உண்டா? "கோவாச் சாமியார் கட்சி, பிரெஞ்சுச் சாமியார் கட்சி" என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்ததாகப் பெரியவர்கள் சொல்வதன் பின்னணி என்ன?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சாதி காரணமாகக் கல்லறைத் தோட்டம் இரண்டு. அதைப் பற்றி மலரில் ஒரு சொல்லும் வேண்டாம் என்று பேரவையில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: சுவடிக்கூடம்

ஐயா, வணக்கம். பொன்விழா மலரைப் பற்றித் தாங்கள் எழுதியது நம் பங்கு மலர்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும். பங்கு உயர்த்தப்பட்ட நாள் மறைமாவட்ட நிர்வாகத்தின் நாள். அதற்கு நூறோ நூற்றைம்பதோ ஆண்டுகளுக்கு முன்பே உபதேசியாரின் (மறைக்கல்வி கற்பித்துச் செபம் நடத்தும், குரு அல்லாத ஊழியர்) பொறுப்பில், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே குருவைக் கண்டு, ஞாயிறுதோறும் கூரைக் கோயிலில் செபம் சொல்லி வாழ்ந்த சமூகங்களே பிற்காலத்தில் பங்குகள் ஆயின. ஆகவே முதலில் தங்கள் ஊர் எந்தத் தாய்ப்பங்கின் கிளைக்கிராமமாக இருந்தது என்பதையும், அந்தத் தாய்ப்பங்கு அதற்கு முன் எதிலிருந்து பிரிந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள். தாங்கள் தேடும் பழைய பதிவேடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தங்கள் ஊர்ப் பெயர் ஒவ்வொரு பதிவிலும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

நிர்வாக மாற்றங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. மதுரை 1938இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து மறைமாவட்டமாகி, 1953இல் உயர்மறைமாவட்டமானது. ஆதலால் 1938க்கு முந்தைய ஆயர் இல்லக் கடிதங்களைத் திருச்சியில் தேட வேண்டியிருக்கும். இயேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்கள், இல்ல நாட்குறிப்புகள், வரைபடங்கள் ஆகியவற்றைக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சபையின் மதுரை மாநிலத்தார் ஆவணக் காப்பகமாகவே பேணி வந்தனர். உரிய அனுமதிக் கடிதத்துடன் எழுதிக் கேளுங்கள்.

பதிவேடுகளின் இலத்தீனைக் கண்டு தயங்க வேண்டாம். முழு மொழியையும் கற்கத் தேவையில்லை, ஏனெனில் ஒரே வாசகம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும்: நாள், "எகோ இன்ஃப்ராஸ்க்ரிப்துஸ் பாப்திசாவி" (கீழே கையொப்பமிட்ட நான் ஞானஸ்நானம் கொடுத்தேன்), குழந்தையின் பெயர், பெற்றோர், "பாத்ரீனி" என்று ஞானப்பெற்றோர், இறுதியில் குருவின் கையொப்பம். சாவு அபாயத்தில் உபதேசியாரோ மருத்துவச்சியோ தண்ணீர் ஊற்றியிருந்தால் "இன் பெரிகுலோ மோர்திஸ்" என்ற குறிப்பு சேரும். இந்தக் குறிப்பு ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வருமானால், இறந்தோர் பதிவேட்டில் அதே மாதத்தைப் புரட்டுங்கள். காலரா வந்த ஆண்டு அப்படித்தான் வெளிப்படும்.

பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். பெத்ருஸ் என்று பாதிரியார் எழுதியவர் ஊரில் இராயப்பன், பௌலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை, அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். இந்த ஒப்பீட்டை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே மனிதரை இருவராக எண்ணிவிட நேரும்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவரின் திருமணத்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். தங்கள் ஊர்ப் பெண்கள் எந்தெந்த ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதை அந்த ஓரக் குறிப்புகளைக் கொண்டே வரைபடமாக்கலாம். பங்கின் உறவு வட்டம் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

கோவா, பிரெஞ்சுக் கட்சிகள் குறித்து. மதுரை மறைப்பணித்தளத்தை 1606 முதல் நடத்தி வந்த இயேசு சபை 1773இல் திருத்தந்தையின் ஆணையால் கலைக்கப்பட்டது. இருந்த குருக்கள் ஒவ்வொருவராக மறைய, கோவாவிலிருந்து வந்த மறைமாவட்டக் குருக்கள் சிலரே இவ்வளவு பெரிய பரப்பைக் கவனித்தார்கள். சபை 1814இல் மீண்டும் நிறுவப்பட்டபின், பிரெஞ்சு இயேசு சபையினர் 1838 முதல் இங்கே பணியைத் தொடங்கினர். அதே 1838இல் உரோமை, போர்த்துகீசிய அரசின் ஞான ஆதரவு உரிமைக்கு (ஆயர் பதவிக்கு உரியவரை முன்மொழியும் உரிமை) உட்பட்ட ஆயர்களின் அதிகாரத்தை இப்பகுதிகளிலிருந்து நீக்கியது. கோவாக் குருக்களும் அவர்களைச் சார்ந்த மக்களும் அதை ஏற்கவில்லை. கோயில் சாவி யாரிடம், திருவிழா யார் பொறுப்பு, காணிக்கை யாருக்கு என்று ஊர் ஊராக வழக்கு மூண்டது. 1886ஆம் ஆண்டின் உடன்படிக்கை பெரும்பகுதியைத் தீர்த்து வைத்தபோதும், சில கோயில்கள் அதற்குப் பின்னும் போர்த்துகீசிய ஆதரவின் கீழிருந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்திலேயே நீடித்தன. எனவே தங்கள் ஊரில் ஒரு கட்சியாரின் பதிவுகள் ஒரு நிர்வாகத்திலும் மற்றக் கட்சியாரின் பதிவுகள் வேறொரு நிர்வாகத்திலும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு பதிவேட்டில் பாதி ஊர் காணாமற்போனால், அவர்கள் மதம் மாறிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அருளானந்தர் மரபைப் பற்றி ஒன்று. அவர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். அவருடைய இறுதி நாட்களைப் பற்றி உடனிருந்தோர் கடிதங்களும், அவரை அருளாளராக உயர்த்துவதற்கான விசாரணையில் பதிவான சாட்சியங்களும் உண்டு. தங்கள் ஊர்ப் பெயர் அவற்றில் இருந்தால் அது பெரும் பேறு. இல்லாவிட்டால் அம்மரபை மரபாகவே எழுதுங்கள். எந்தத் தலைமுறையினர் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறார்கள், முதன்முதலாக எழுத்தில் எப்போது வந்தது என்று குறிப்பிட்டாலே போதும். 1853இல் அவர் அருளாளராகவும் 1947இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டபோது இப்பகுதியெங்கும் எழுந்த உற்சாகத்தில் பல ஊர்கள் தங்கள் மரபைப் புதுப்பித்துக்கொண்டன என்பது என் கருத்து. எனவே அவ்விரு ஆண்டுகளுக்கு முந்தைய சான்று ஏதேனும் கிடைக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்.

மறுமொழி: அண்ணாவியார் பேரன்

சுவடிக்கூடம் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் பதிவேட்டை மட்டும் நம்பினால் குருவின் கண்ணில் பட்டதே வரலாறாகிவிடும். ஆண்டுக்கு இருமுறை குதிரையிலோ மாட்டுவண்டியிலோ வந்து போனவர் எழுதாமல் விட்டது எவ்வளவு! ஊரிலேயே இருக்கும் பொருள்களையும் விசாரியுங்கள்.

முதலில் மணி. அதன் விளிம்பைச் சுற்றி வார்ப்பிலேயே எழுத்து இருக்கும். பெரும்பாலும் செய்த ஊர், ஆண்டு, மணிக்குச் சூட்டிய பெயர், சில வேளைகளில் கொடுத்தவர் பெயர். பல ஆண்டுகளாகப் பூசிய வர்ணத்தில் அது மூடியிருந்தால் சுரண்டிவிடாதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் விழும். அடுத்து கோயிலின் மூலைக்கல், கல்லறைக் கற்கள், பழைய தேரின் அச்சு. இவற்றில் ஆண்டு எண் இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், வேறு சான்றோடு இணைத்தே காலத்தை முடிவு செய்ய வேண்டும். "தாது வருஷத்தில் வேதத்துக்கு வந்தோம்" (கிறிஸ்தவரானோம்) என்று ஒரு குடும்பம் சொன்னால் அது அநேகமாக 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தைக் குறிக்கும்.

சுரூபங்களும் காலம் காட்டும். செபஸ்தியாருக்கும் ஆரோக்கியநாதருக்கும் பழைய கோயில் இருந்தால் கொள்ளைநோயின் நினைவு அதில் உண்டா என்று கேளுங்கள். லூர்து மாதா கெபி (குகை வடிவ வழிபாட்டிடம்) 1858க்கு முன் எங்கும் இருந்திருக்க முடியாது. பாத்திமா மாதா சுரூபம் 1917க்குப் பிந்தையது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே பாத்திமா மாதா ஊருக்கு வந்தார் என்று மலரில் அச்சேறும் பிழையை இந்த இரு ஆண்டுகளை நினைவில் வைத்தாலே தவிர்க்கலாம்.

என் பாட்டனார் வாசகப்பா படிப்பித்தவர். புனிதர்களின் வரலாற்றை இரவு முழுவதும் ஆடிப் பாடும் அந்தக் கூத்துக்குரிய ஏட்டை ஒவ்வொரு அண்ணாவியும் தம் கையால் பகர்த்து வைத்திருப்பார். எங்கள் வீட்டு ஏட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தத் திருவிழாவுக்காக எழுதப்பட்டது, யார் கேட்டு எழுதியது, எந்த வேடத்தை எந்தத் தெருவார் கட்டினார்கள் என்பதெல்லாம் உள்ளன. விளக்கெண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயர்களில் பாதி எந்தக் கோயில் ஆவணத்திலும் இல்லை. தங்கள் ஊரிலும் வாசகப்பாவோ பாஸ்காவோ (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம்) நடந்திருந்தால் அந்த நோட்டுகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரணில் கறையான் தின்னக் கிடப்பவை அவை.

நிலத்தையும் மறக்கக் கூடாது. கோயிலடி மனை யார் கொடுத்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை இருக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேறொரு கதை இருக்கும். மறவர் நாட்டில் சேதுபதிகளும் சிவகங்கைச் சீமையை ஆண்டவர்களும் ஒரு காலத்தில் வேதக்காரர்களைத் துன்புறுத்தியதும் உண்டு, இன்னொரு காலத்தில் கோயிலுக்கு மானியம் விட்டதும் உண்டு. மானிய நிலமாயின், 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன் அதை விசாரித்திருக்கலாம். அந்த இனாம் பதிவேடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிராமவாரியாகக் கிடைக்கின்றன. யார் அனுபவத்தில் இருந்தது, எவ்வளவு, என்ன ஆதாரத்தைக் காட்டினார்கள் என்று அவற்றில் எழுதியிருக்கும்.

மறுமொழி: தெற்குத்தெரு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இரண்டு கல்லறைத் தோட்டம் உள்ள ஊரில் இரண்டாவது தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பேத்தி நான். எழுத வேண்டும் என்று தாங்கள் நினைத்ததற்கு நன்றி.

பேரவையில் தடுப்பவர்கள், இது ஊரைப் பிரித்துவிடும் என்று சொல்வார்கள். ஊர் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது. தோட்டங்களைப் பிரிக்கும் சுவரே அதற்குச் சான்று. வடக்கன்குளத்தில் சாதிவாரியாக மக்கள் அமர்வதற்கென்றே இரண்டு நீள்மண்டபங்கள் பீடத்தில் வந்து சேரும்படி 19ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பப்பட்டதும், இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டதும், மீண்டும் சுவர் எழுப்பக் கேட்டுத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் சட்ட நூல்களிலேயே பதிவான செய்திகள். பெரிய பங்கின் வரலாற்றில் அது இடம்பெறும்போது, சிறிய பங்கின் வரலாற்றில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? தோட்டம் எப்போது பிரிந்தது, யார் கேட்டுப் பிரித்தார்கள், அன்றைய குரு என்ன சொன்னார், ஒன்றாக்க யாரேனும் முயன்றார்களா, முயன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது ஆகியவற்றைச் சான்றுள்ள அளவுக்கு எழுதுங்கள். சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போனது, எந்தத் தெருவுக்குள் எந்த ஆண்டுவரை வரவில்லை என்பதையும் கேளுங்கள். அதை எங்கள் தெருக் கிழவிகள் மறக்கவே மாட்டார்கள்.

எங்களவர் செய்ததையும் எழுதுங்கள். கோயில் கட்டச் செங்கல் சுமந்தவர்கள், சாவுமணி அடித்தவர்கள், திருவிழாவுக்குத் தப்படித்தவர்கள், குரு வர இயலாத மழைக்காலத்தில் மரணப் படுக்கையில் கிடந்தவர் தலைமாட்டில் செபம் சொன்ன பெண்கள். பட்டியலில் பங்குத்தந்தையர் பெயர் வரும் அளவுக்கு உபதேசியார் பெயரும் கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) பெயரும் வர வேண்டும். உபதேசியாரின் மனைவி பிள்ளைகளுக்கு மந்திரம் (செபங்கள்) கற்றுக்கொடுத்தாரா, கூலி ஏதும் பெற்றாரா என்றும் விசாரியுங்கள். பல ஊர்களில் கன்னியர் வருவதற்கு முன் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் அவர் ஒருவரே.

ஆனால் ஒரு வேண்டுகோள், இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழைய பதிவேடுகளில் சாதிப் பெயர் எழுதப்பட்டிருக்கும். தந்தை பெயர் தெரியாத குழந்தை என்றும் எழுதியிருக்கும். அவற்றை ஆராய்ச்சிக்காகப் படிப்பது வேறு, குடும்பப் பெயரோடு மலரில் அச்சிடுவது வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராக இருப்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அதன் காரணமாக எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் கோயிலில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ நேர்ந்தது. தலைக்கட்டுப் பட்டியல் என்று ஆர்வத்தோடு இரண்டு பெயர்களையும் ஒருசேர அச்சிட்டுவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் அது உலையாக முடியும். உயிரோடிருப்பவர்களின் குடும்பங்களைத் தனித்தனியே அடையாளம் காட்டாமல், தெருவின் வரலாறாகச் சொல்லுங்கள். எவர் பெயரைப் போட விரும்பினாலும் அந்த வீட்டில் கேட்டுவிட்டே போடுங்கள்.

மறுமொழி: கண்மாய்மேடு

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. தாய்ப்பங்கு எதுவெனத் தெரிந்துகொண்டேன். அங்குள்ள பங்குத்தந்தை பதிவேடுகளைத் தம் முன்னிலையில் பார்த்துக் குறிப்பெடுக்க இசைந்திருக்கிறார். தெற்குத்தெரு அம்மா எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் பேரவையில் படித்துக் காட்டினேன். நெடுநேர விவாதத்துக்குப் பின், கல்லறைத் தோட்டம் பற்றிய பகுதியை இரு தெருவாரும் சேர்ந்து அமர்ந்து படித்து ஒப்புதல் தந்தபின் அச்சிடுவது என்று முடிவாகியது. முதலில் மறுத்த பெரியவர் ஒருவரே, சுவர் எழுந்த கதையைத் தம் தந்தையார் சொல்லக் கேட்டபடி சொல்ல முன்வந்திருக்கிறார்.

பழைய பதிவேடுகளின் தாள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றைக் கையாள்வது எப்படி? மேலும், அருளானந்தர் செய்தியை மலரில் எந்தச் சொற்களில் எழுதினால் ஊரார் மனமும் நோகாது, உண்மையும் பிறழாது?

மறுமொழி: சுவடிக்கூடம்

பதிவேட்டை ஒளிநகல் எடுக்க வேண்டாம். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். சன்னல் வெளிச்சத்தில், மின்னொளி வீச்சு இல்லாமல், மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். பக்கம் முழுமையும் ஓரக் குறிப்போடு விழ வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டவே கூடாது, சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். எடுத்த படங்களின் ஒரு படியைத் தாய்ப்பங்குக்கும் இன்னொன்றை மறைமாவட்டக் காப்பகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். பழைய பங்குப் பதிவேடுகளைக் கவனத்துடன் பேண வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதியே சொல்வதால், ஆயர் இல்லத்தில் இதற்கு மறுப்பு எழாது.

இரண்டாவது கேள்விக்கு, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மறைசாட்சி அருளானந்தர் ஓரியூருக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில் இவ்வூர்ப் புளியமரத்தடியில் இளைப்பாறினார் என்று எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றனர். இதற்கு எழுத்துச் சான்று இதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மரத்தடியில் ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் நாள் செபம் சொல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது." கடைசி வாக்கியம் தங்கள் ஊருக்குப் பொருந்தாவிட்டால் நீக்கிவிடுங்கள். பொருந்துமானால், அந்த வழக்கம் எந்த ஆண்டு தொடங்கியது, யார் தொடங்கி வைத்தார் என்பதைத் தங்கள் ஊரின் மூத்தவரிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.